சால்டரிங் இரும்பும் ஒரு ஊசியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியத் தொழில் வளர்ச்சி என்றாலே கார் நிறுவனங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். கேமரா, நகல் இயந்திரம், பிரிண்டர் தயாரிக்கும் கேனான் நிறுவனத்தைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும்.

1933-இல் டோக்கியோவின் ரொப்பொங்கியில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது அது. ஜெர்மனியின் லைக்கா கேமராவைக் கழற்றிப் பார்த்து, நம்மாலும் முடியும் என்று இறங்கினார்கள். 1936-இல் விற்பனைக்கு வந்த கேமராவுக்கு லென்ஸ்கூடச் சொந்தமில்லை. பின்னாளில் பெரும் போட்டியாளரான நிக்கான்தான் கொடுத்தது!

எனக்கு மிகவும் பிடித்தது நகல் இயந்திரக் கதை. நாம் இன்றும் எந்த நகலையும் ‘ஜெராக்ஸ்’ என்றே சொல்கிறோம். அந்தப் பெயர் கொண்ட நிறுவனம் தன் தொழில்நுட்பத்தைச் சுற்றிக் காப்புரிமைகளால் வேலி போட்டிருந்தது. கேனான் பொறியாளர்கள் வேறு முறையைச் சொந்தமாக உருவாக்கி 1970-இல் தங்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1982-இல் பிம்பம் பதியும் உருளையான டிரம், மைத்தூளான டோனர் எல்லாம் ஒரே கார்ட்ரிட்ஜில் அடங்கின. தீர்ந்தால் நாமே கழற்றி மாட்டலாம். சின்ன அலுவலகங்களுக்கும் நகல் இயந்திரம் கட்டுப்படியாகத் தொடங்கியது இதனால்தான்.

1977-இல் அவர்களின் ஆய்வகத்தில், மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூடான சால்டரிங் இரும்பு, மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியடித்தது. துடைத்துவிட்டுப் போகாமல், ஏன் என்று கேட்டார்கள். வெப்பத்தால் குமிழி உண்டாக்கி மையைத் தள்ளும் ‘பபிள் ஜெட்’ பிரிண்டர் அதிலிருந்து பிறந்தது.

பள்ளி மாணவர்கள் படிக்கும் உங்கள் பக்கத்தில் இந்த ஊசிக் கதையையாவது படத்துடன் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்