தொங்கும் மரப்பெட்டிக்கு ஏற்ற செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் தொங்கும் மரப்பெட்டிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரை, எந்தப் பூவோடு எந்தப் பூவைச் சேர்த்து நட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பதை விரிவாகச் சொல்லியிருந்தது. அந்தச் செடிகள் அங்கே பிழைக்குமா என்ற கேள்வியை மட்டும் அது தொடவில்லை.

தரையில் வைத்த தொட்டியைவிடத் தொங்கும் பெட்டி வெகு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அடிப்பக்கம் உட்பட எல்லாப் புறமும் காற்றுப் படுவதும், உள்ளே இருக்கும் மண் குறைவாக இருப்பதும், மரப்பலகையே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதும் இதற்குக் காரணங்கள். அதே மரம், உலோகத்தைப்போல் வெயிலில் சட்டென்று சூடேறி வேரை வாட்டுவதில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆகவே ஆழமாக வேர்விடாத, சிறிது நேரம் மண் காய்ந்தாலும் தாங்கிக்கொள்கிற செடிகளே இதற்குப் பொருத்தமானவை.

நல்ல வெயில் படும் இடத்துக்குப் பத்துமணிப் பூவுக்கு நிகரானது இல்லை என்பேன். தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்தச் செடிக்கு வெயில்தான் பூவை விரிக்கும் விசை. நிழலில் மாட்டினால் கொடி மட்டும் நீளும். அதோடு பெட்டூனியாவையும் ஒரே பெட்டியில் நடச் சொல்வது சரியன்று, ஏனெனில் ஒன்றுக்குப் போதுமான நீர் மற்றொன்றைத் தவிக்கவிடும். நிழலுக்கு மணி பிளாண்டும், சதைப்பற்றுள்ள வேர்களைக் கொண்ட ஸ்பைடர் பிளாண்டும் நம்பத்தக்கவை. பெரணிக்கு நிழலோடு காற்றில் ஈரமும் வேண்டும் என்பதால், காற்று வீசியடிக்கும் மூலையில் அதன் இலைநுனிகள் பழுப்பேறிக் கருகிவிடும்.

மரப்பெட்டிக்கென்றே பிறந்தவை என்று சொல்லத்தக்க ஆர்க்கிட் வகைகளைக் கட்டுரை விட்டுவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. வாண்டாவுக்கு மண்ணே தேவையில்லை. இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்களின் வழியே அதன் வேர்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்த சிறிது நேரத்தில் வெள்ளி நிறத்து வேர் பச்சையாக மாறும். அப்படி மாறாத இடத்தில் இன்னும் தெளிக்க வேண்டும் என்று வேரே காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த ஸ்டான்ஹோபியாவோ பூந்தண்டைக் கீழ்நோக்கியே விடுகிறது. அடி மூடிய தொட்டியில் அந்த மொட்டு வெளியேற வழியின்றி உள்ளேயே அழுகிப்போகும். இடைவெளி விட்ட மரச்சட்டப் பெட்டியிலோ அடிவழியே இறங்கிப் பூக்கும்.

சமையலுக்கான செடிகளில் கற்பூரவல்லி எளிதாக வரும். புதினாவுக்கு ஈரம் குறையவே கூடாது. ஆனால் உண்ணும் செடிகளுக்குப் பழைய மரத்தைப் பயன்படுத்துவோர், அது எந்த மருந்து ஏற்றிய மரம் என்று தெரியாவிட்டால் ஒதுக்கிவிடுவதே நல்லது. குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்து மரம் உளுத்துப்போகாமல் காக்கப் பல காலம் பயன்பட்டது. வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவது அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலும் கைவிடப்பட்டது.

எடையையும் பார்க்க வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் பெட்டியில் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பி நனைத்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மிகுதியாகக் கலந்தால் எடை குறைவதோடு நீரும் நின்று பிடிக்கும். உயரமாக வளர்ந்து காய் சுமக்கும் தக்காளி போன்றவற்றைத் தரைத்தொட்டிக்கே விட்டுவிடலாம்.

இனி இப்பகுதியில் செடிகளைப் பரிந்துரைக்கும்போது, பூவின் படத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு வேண்டிய வெயில், நீர், மண்ணின் ஆழம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்