கார் வேண்டாம், பஸ்ஸில் போவோம்

காரைக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருக்கக் கொப்புடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். மார்கழிக் கடைசியில் வந்து பொங்கல் முடிந்து போவதாகச் சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் "ரெண்டு நாளைக்கு ஒரு கார் பேசி வையுங்கம்மா, பையனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டணும்" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நின்று படிப்பாய்.

கார் வேண்டாம் பாப்பா. பஸ்ஸில் போவோம், இறங்கி நடப்போம்.

காரில் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கானாடுகாத்தானில் அரண்மனை வாசலில் ஒரு போட்டோ, ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூக்கல் பார்ப்பது, பிள்ளையார்பட்டியில் கும்பிடுவது, மத்தியானம் ஓட்டலில் இலைச் சாப்பாடு. வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கு அவ்வளவுதான் நேரம். இவன் நம் பிள்ளை. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும். அங்கேதான் கண்மாய், வயல், பனை, அய்யனார், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அது கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போய்விடும்.

பஸ்ஸில் போவதில் இன்னொரு வசதி உண்டு. காரை ஓரிடத்தில் விட்டால் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு ரோட்டில் இறங்கி, ஊருக்குள் நடந்து, வேறொரு ரோட்டில் ஏறி வீட்டுக்கு வரலாம். போன வழியைத் திரும்ப மிதிக்க வேண்டியதில்லை.

முதல் நாள் பள்ளத்தூரில் இறங்கிக் கானாடுகாத்தான் வரை நடக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பஸ் கோட்டையூர் வழியாகப் போகும். சென்னையில் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் படிக்கப் போவாயே, அந்த நூலகம் கோட்டையூரில் ஒரு மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994-ல் உருவானது. பஸ் அங்கே நிற்கும்போது அவனுக்குச் சொல்லு. பள்ளத்தூர் நம்ம மனோரமா ஆச்சி வளர்ந்த ஊர், அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பாதையில் அவனுக்கு நான் முதலில் காட்டப்போவது ஊரணிதான். மாளிகையைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். வற்றாத ஆறு இல்லாத இந்த வறண்ட சீமையில் அவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டில் விழுகிற மழை வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கும். வேண்டியதை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் தெருவுக்கு வந்து, வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போகும். குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு. படிகளெல்லாம் செம்புரான் கல். பக்கத்தில் குனிந்து பார்த்தால் அந்தக் கல் முழுக்கத் துளை துளையாக இருக்கும், விரலை வைத்தால் சொரசொரப்பு. அவனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும்.

ஊரைத் தாண்டினால் கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்திருந்தால் மார்கழியில் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும். கரைமேல் நடப்பதைப் போல் சுகம் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கதிர் முற்றிய வயல். மடை எங்கே, கலுங்கு எங்கே என்று அப்பா அவனுக்குக் காட்டுவார். இந்தக் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இப்படி ஊர்களைத் தண்ணீர்தான் கோத்து வைத்திருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமைதான். ஆனால் வீட்டைக் காப்பாற்றுகிறவர்கள் வரத்துக்காலையும் காப்பாற்றவேண்டும். சில இடங்களில் அது குப்பையும் சீமைக்கருவேலுமாக அடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கானாடுகாத்தானில் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஒரே வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். காரில் இருந்தால் முகப்பு மட்டும்தான் தெரியும். சுவரோரமாக நடந்து பின்வாசலுக்கு வந்தால்தான் வீட்டின் நீளம் காலுக்குத் தெரியும். அப்புறம் மெயின் ரோட்டு விலக்குக்கு வந்து புதுக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆத்தங்குடிக்குத் தனியாக ஒரு காலை. அங்கே கடையில் கல் பார்ப்பதைவிடப் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பூ அடியில் இருக்கும், நாம் பார்ப்பது கல்லின் முதுகுப் பக்கம். தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு கண்ணாடி விலகும்போதுதான் முகம் தெரியும், அந்த வழவழப்பும் கண்ணாடி கொடுத்ததுதான். சூளை கிடையாது. கையும் வெயிலும் தண்ணீரும்தான்.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி உனக்குத் தெரிந்ததுதான். குன்றக்குடியில் மலையேறி முருகனைக் கும்பிட்டு, அடிவாரத்துக் குடைவரைகளையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து 3 கிலோமீட்டர் போல நடந்தால் பிள்ளையார்பட்டி. வெயிலுக்கு முன்னால் கிளம்பவேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி போகிற நகரத்தார் காவடி சேருமிடம் குன்றக்குடி. அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரைக்கும் நடக்கிறார்கள். அதைச் சொன்னால் பையன் "கால் வலிக்குது பாட்டி" என்று சொல்லமாட்டான்.

நான் ரொம்ப ஆசையாக வைத்திருப்பது வேட்டங்குடி. திருப்பத்தூர் போய், மதுரை ரோட்டில் போகிற பஸ்ஸில் கொள்ளுக்குடிப்பட்டியில் இறங்கவேண்டும். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். 1977-லிருந்து அது பறவைகள் சரணாலயம். சரணாலயம் என்றால் பெரிய கேட்டும் டிக்கெட்டும் என்று நினைக்காதே, ஊர்க் கண்மாய்கள்தான். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கூடாக நாரையும் கொக்கும் நீர்க்காகமும். நத்தைகுத்தி நாரையின் அலகை அவன் பார்க்கணும். மூடியிருந்தாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க அப்படி அமைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் பைனாகுலரை மறக்காமல் எடுத்து வா.

அந்த ஊர்க்காரர்கள் பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்பதில்லையாம். பட்டாசுக்கு அடம் பிடிக்கிற நம் பையன் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கரையில் நிற்கட்டும். நீ ஒன்றும் எடுத்துச் சொல்லவேண்டாம்.

நாள் மிச்சம் இருந்தால் திருமயம். புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் போதும், ராமநாதபுரம் ராஜா சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை ஊருக்குள்ளேயே நிற்கிறது. மேலே ஏறினால் சுற்றிலும் எத்தனை கண்மாய் என்று எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

பஸ் விஷயத்தில் சில ஏற்பாடு சொல்கிறேன். ஊருக்குள் போகிற டவுன் பஸ் சிலவற்றுக்கு நாளைக்கு நாலைந்து நடைதான். இறங்கும்போதே "திரும்ப எப்பண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டுவிடவேண்டும், டீக்கடையிலும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிக்கொள்வேன். கடைசி பஸ்ஸை நம்பி உட்காரவே கூடாது, அதற்கு முந்தினதில் ஏறிவிடுவேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. நான் இப்படிக் கிளம்பிப் போக ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம் பாப்பா. முன்னெல்லாம் சும்மா கண்மாய் பார்க்கப் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது என்றால் மனசு வராது. இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் கூட வருகிறார்கள். "இந்த வயதில் தனியாக அலையாதீங்கம்மா" என்று நீ கவலைப்படவேண்டாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன், கூட்டத்தில் எனக்கு உட்கார இடம் கொடுக்காத பிள்ளைகளை நான் இதுவரை பார்த்ததில்லை.

பையனுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். கருவேல முள் அடியில் ஏறி மேலே வந்துவிடும். ஷூ போட்டுக் கூட்டிவா, ஒரு தொப்பியும் எடுத்துக்கொள். கட்டுச்சோறு நான் கட்டுகிறேன், புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். வீடு திரும்பினதும் சூடாகப் பால் பணியாரம். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி என்றாயே, அவர் அப்பாவோடு அரியக்குடிப் பெருமாள் கோயில் வரைக்கும் மட்டும் வரட்டும், அது பஸ்ஸில் பக்கம்தான்.

பல்லவன் ரயிலில் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. வேட்டங்குடியை எந்தக் கிழமைக்கு வைக்கலாம் என்று திருப்பத்தூர்ப் பக்கத்து ஆட்களிடம் பஸ் நேரம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா