தனியாகக் கேளுங்கள்: சிறைப் பார்வைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெண்கள் சிறையின் நிலையைப் பார்வையிட நீங்கள் வந்துபோனதைப் பற்றிய அறிக்கையைப் படித்தேன். சமையலறை சுத்தமாக இருக்கிறது, மருத்துவ அறை இருக்கிறது, நாப்கின் கையிருப்பு போதுமானது, கைதிகள் தரப்பில் குறை எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சுவருக்குள் இருந்து வெளியே வந்தவள் நான். உங்கள் கண்ணில் படாததைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் வரப்போகிறீர்கள் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். கழிவறையில் பினாயில் வாசனை அடிக்கும். காய்ந்து கிடந்த குழாயில் தண்ணீர் வரும். நாப்கின் பெட்டிகள் அலமாரியில் அடுக்கி வைக்கப்படும். நீங்கள் பார்த்துக் குறித்துக்கொண்ட கையிருப்பு அதுதான். நீங்கள் வாசலைத் தாண்டியதும் அலமாரிக்குப் பூட்டு விழுந்துவிடும்.

மற்ற நாட்களில் ஆளுக்கு மாதம் ஒரு பாக்கெட். அதற்கு மேல் வேண்டுமென்றால் வார்டர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். "இப்பத்தானே வாங்கிட்டுப் போனே?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார்கள். சில சமயம், பயன்படுத்தியதைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். என் பக்கத்துப் படுக்கையில் ஓர் அக்கா இருந்தார். மாதவிடாய் நிற்கப்போகும் வயது. உதிரப்போக்கு நிற்கவே நிற்காது. அவர் பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய், அந்த மேஜை மேல் பிரித்துக் காட்டினார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர். அதன் பிறகு அவர் கேட்கவே போகவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டார். துவைத்ததை வெளியில் காயப்போட அனுமதி இல்லை என்பதால் பாய்க்கு அடியில் வைத்துக் காயவைப்பார். காயாத துணியைக் கட்டிக் கட்டித் தொடையெல்லாம் புண். விரிப்பு கிழிந்திருந்தது ஒருநாள் சோதனையில் தெரிந்துவிட்டது. சிறைச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று சொல்லி, அந்த மாதம் அவர் மகள் வந்து பார்ப்பதை ரத்து செய்தார்கள்.

இதே அக்காவிடம்தான், "ஏதாவது குறை இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் கண்காணிப்பாளர் நின்றார். பின்னால் அதே வார்டர் நின்றார். "ஒரு குறையும் இல்லை மேடம்" என்றார் அக்கா. நீங்கள் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனீர்கள். குறை எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்ற வரி அறிக்கையில் ஏறியது இப்படித்தான். நீங்கள் போன பிறகு அந்த வார்டரோடுதானே அவர் இருந்தாக வேண்டும்? வேறு என்ன சொல்வார்?

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். அதிகாரி யாரும் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. யாரிடம் பேசுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சிறை நிர்வாகம் பொறுக்கி எடுத்து உட்கார வைக்கும் நாலு பேரிடம் அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள்.

இவையெல்லாம் நானாகக் கண்டுபிடித்த சலுகைகள் இல்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 84-ஆவது விதி இந்த அதிகாரங்களை உங்களுக்குத் தருகிறது: முன்னறிவிப்பு இல்லாமல் வரலாம், பேச வேண்டிய கைதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தனிமையில் ரகசியமாகப் பேசலாம். பெண் கைதிகளுக்கென்றே 2010-இல் அதே சபை ஏற்ற பாங்காக் விதிகள் எழுபதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். நாப்கினை இலவசமாகத் தர வேண்டும், தண்ணீர் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்கிறது 5-ஆவது விதி. தண்டனை என்ற பெயரில் குடும்பத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கக் கூடாது, அதிலும் பிள்ளைகளை, என்கிறது 23-ஆவது விதி. கண்காணிப்புக் குழுவில் பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது 25-ஆவது விதி. உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் உதிரப்போக்கைப் பற்றி ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசுவதற்குக்கூட, சுற்றி நிற்கும் ஆட்கள் முதலில் விலக வேண்டும்.

உலகம் முழுக்க 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்களும் சிறுமிகளும் சிறைகளில் இருக்கிறார்கள். மொத்தக் கைதிகளில் இது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே எல்லாம் ஆண்களை மனதில் வைத்துக் கட்டப்படுகிறது: அறை, கழிவறை, மருத்துவம், உடலைத் தட்டித் தடவும் சோதனைமுறை, எல்லாமே. பெண்களுக்கான சிறைகள் குறைவு என்பதால் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் அடைக்கிறார்கள். பார்க்க வரும் பிள்ளைகளும் குறைந்துபோகிறார்கள். பிரசவ வலியில் இருப்பவளுக்கு விலங்கு போடக் கூடாது என்று ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்றால், போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பது. அதோடு மானத்தையும் பறிக்கச் சொல்லி எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் குழுவின் மேல் எனக்குப் பகை இல்லை. நீங்களும் வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து வரும் ஆள் என்று யாருமே இல்லை. அதனால்தான் தயவாகக் கேட்கிறேன்: தனியாகக் கேளுங்கள். அலமாரியைப் பார்த்தால் போதாது, அந்த மாதம் யார் கைக்கு எத்தனை போனது என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண்களிடமே சரிபாருங்கள். அப்புறம், வாய் திறந்து பேசியவர்களை ஒரே வருகையோடு விட்டுவிடாதீர்கள். சில வாரம் கழித்துத் திரும்ப வந்து, அவர்களை வேறு அறைக்கு மாற்றினார்களா, குடும்பத்தார் வந்து பார்ப்பதை நிறுத்தினார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பயம் போனால்தான் அடுத்தவள் பேசுவாள்.

உங்கள் அடுத்த அறிக்கையை வெளியிடும் முன், அதை அந்தச் சிறையில் இருக்கும் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கைதி ஒருத்தி