முதியோருக்கு நடைபாதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடைப்பயிற்சி என்றாலே சர்க்கரை, இதயம் என்று மட்டும் பேசும் நமக்கு மிகவும் தேவையான கட்டுரை அது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த ஆதிமனிதன், நடந்துகொண்டே வழியை நினைவில் வைக்கவும் தடம் பார்க்கவும் வேண்டியிருந்தது. உடல் இயங்கும்போது மூளையும் வலுப்பெறுவது அப்படி வந்த இயல்பாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதியோர் 120 பேரில் ஒரு பிரிவினர் வாரம் 3 நாள் என ஓராண்டு நடந்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது.

சரி, நம் முதியோர் எங்கே போய் நடப்பது? எங்கள் தெருவில் கால்வாய் மூடிகள் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கின்றன. மிச்ச இடத்தில் பைக்குகள். தினமும் சந்தைக்கு நடந்து, நாலு பேரிடம் பேசி, விலை கேட்டுக் காய் வாங்கிய என் அப்பா, ஒருமுறை இடறி விழுந்தபின் மொட்டைமாடியோடு நின்றுவிட்டார். பூங்காக்களில் நடைத்தளம் போடுவது நல்லதுதான். அதற்கு முன், சந்தை, நூலகம், ரேஷன் கடை செல்லும் தெருக்களின் நடைபாதைகளை உள்ளாட்சி அமைப்புகள் சீரமைத்து, இடையிடையே நிழலில் இருக்கைகளும் போட வேண்டும்.

– ஒரு வாசகர்