ஆய்விதழ்கள் தங்கள் நெறிமுறையை எழுதி வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம்பத்தக்க ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் கைவிட்டுவிட்டது. எந்த ஆய்விதழை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இனிக் கல்லூரிகளே முடிவு செய்தாக வேண்டும். தமிழ்த் துறைகள் இதை இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் மனத்தாங்கல்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆய்வு செய்யும் பிள்ளைகள் இப்போதும் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்தவர்களில் கம்பராமாயணத்தில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி. அவள் அப்பா அரியக்குடியில் குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்ப்பவர். நான் சொன்ன திருத்தங்களை மறக்காமல் இருக்க, கட்டுரைக்கு நடுவிலேயே "இங்கே பாடல் எண் சரிபார்க்க, அம்மா கேட்டார்கள்" என்று தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அவசரத்தில் அந்த நகலையே ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டாள். அந்த வாரமே 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது, கூடவே பணம் செலுத்த வேண்டிய எண்ணும். பணமும் போனது. இதழ் வந்தபோது பார்த்தால், "அம்மா கேட்டார்கள்" என்பது உட்பட எல்லாம் அப்படியே அச்சாகியிருக்கிறது. 'வல்லுநர் குழுவால் மதிப்பிடப்பட்ட பன்னாட்டு இதழ்' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை படித்திருந்தால்கூட அந்த வரி தப்பியிருக்காது. அந்தப் பிள்ளை என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பட்டறைக் கூலியிலிருந்து பணம் வாங்கிக்கொண்டு, படிக்காமலே அச்சிட்டவர்கள்மேல்தான் வந்தது.

என் அண்ணன் மகள் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளிடம் இதைச் சொன்னேன். "அங்கெல்லாம் ஒரு இதழ்னா, எப்படி நடத்துவோம்னு முதல்ல எழுதி வச்சிடுவாங்க, அயித்தை" என்று சொல்லி, ஸ்பானிய மொழி, இலக்கிய ஆய்விதழ்கள் சிலவற்றின் நெறிமுறைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக்காட்டினாள். எனக்கு வியப்பாகவும் இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது.

ஸ்பெயினின் தலைநகர் மத்ரீத்தில் மொழியறிஞர் ரமோன் மெனந்தெஸ் பிதால் 1914இல் தொடங்கிய ஸ்பானிய மொழியியல் இதழ் இன்றும் வருகிறது. எழுதுகிறவரிடம் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. மெக்சிகோவில் 1947இலிருந்து வரும் இன்னோர் இதழுக்குத் தனிக் கதை உண்டு. அர்ஜென்டினாவில் அமாதோ அலோன்சோ என்ற மொழியறிஞர் நடத்திவந்த இதழ் அந்நாட்டு அரசியல் நெருக்கடியில் நின்றுபோக, மெக்சிகோவில் புதுப் பெயரோடு அதைத் தொடர்ந்தார்கள். இந்த மாதிரி இதழ்களில் ஒரு கட்டுரை வந்தால், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு வெளியாள் இரண்டு பேருக்கு அனுப்புகிறார்கள். படிப்பவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. இருவர் கருத்தும் மாறுபட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். என் மனத்தில் நின்றது வேறொன்று. கட்டுரை எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது என்று கட்டுரையோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். இரண்டு தேதிகள்தான், ஆனால் அவற்றைப் போட்டுவிட்டால் 'அந்த வாரமே ஏற்கப்பட்டது' என்பதை யாரும் மறைக்க முடியாது. அந்த இரண்டு வரிக்கு அஞ்சித்தான் பலர் தேதியே போடுவதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். லத்தீன் அமெரிக்கா, ஸ்பெயின், போர்ச்சுகல் இதழ்களுக்கென்றே மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகம் சார்ந்து லத்தின்டெக்ஸ் என்ற அமைப்பு இயங்குகிறது. அதன் தரப் பட்டியலில் இடம்பெற விரும்பும் இதழ், வெளியிடும் கட்டுரைகளில் பாதியாவது தன் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சொந்தத் துறை ஆசிரியர்கள், அவர்களுடைய மாணவர்கள் என்று ஒரே வீட்டாரே பந்தியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. நம் கல்லூரி மலர்கள் எத்தனை இந்தக் கணக்கில் தேறும்?

சின்னக் கல்லூரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். நான்கு பக்கம் எழுதி வெளியிட என்ன செலவு? தமிழ் ஆய்வு உலகம் சிறியது, பெயரை எடுத்தாலும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதும் ஒரு பதில். அதில் உண்மை இருக்கிறது. சரி, அப்படியானால் யாழ்ப்பாணம், பேராதனை, மலாயா பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புங்கள். அங்கேயும் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே என்னைப் போல ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறோம், ஒரு ரூபாய் வாங்காமல் படித்துத் தருவோம். அப்புறம், பிஎச்.டி. பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022இலேயே நீக்கிவிட்டது. அது தெரிந்தும் மாணவர்களை அவசரப்படுத்தும் நெறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பிள்ளைகளைக் கொஞ்சம் நிதானமாக எழுத விடுங்கள்.

பழைய இதழ்கள் எங்கே பாதுகாக்கப்படும் என்பதையும் நெறிமுறையில் எழுத வேண்டும். இணையதளத்துக்குப் பணம் கட்டாமல் விட்டதால் கட்டுரைகளோடு காணாமல்போன இதழ்கள் உண்டு. நான் இருப்பது கோட்டையூரில். இந்த ஊரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் தன் காசில் வாங்கிச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டுதான் அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் அமைந்தது. 'ஊழியன்', 'குமரன்' என்ற பழைய இதழ்கள் வெளிவந்த ஊர் காரைக்குடி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' 1902இல் தொடங்கியது, மெனந்தெஸ் பிதாலின் இதழுக்கும் மூத்தது. இதழ் நடத்துவது நமக்குப் புதிதல்ல.

ஆகவே சிவகங்கை மாவட்டத்தில் ஆய்விதழ் நடத்தும் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் வரும் கல்வியாண்டுக்குள் தங்கள் நெறிமுறையை எழுதி வெளியிட வேண்டும். யார் படிக்கிறார்கள், எத்தனை நாளில் பதில் வரும், பணம் உண்டா இல்லையா, நிராகரித்தால் காரணம் சொல்வார்களா, வெளியான பிறகு பிழை தெரிந்தால் எப்படித் திருத்துவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழ் கல்லூரிகளிடம் இதைக் கேட்டு, வரும் பதில்களைக் கல்விப் பக்கத்தில் வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். ஒரேயடியாக எல்லாம் முடியாது என்பவர்கள், அடுத்த இதழிலிருந்து அந்த இரண்டு தேதிகளையாவது அச்சிடத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.