உன் முறைதான், ஆனாலும் எழுதுகிறேன்

அன்பு நண்பா,

கணக்குப்படி பார்த்தால் கடைசியாக எழுதியவன் நான். பதில் நீதான் போட வேண்டும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன். நீயும் அங்கே ஒரு கணக்கு வைத்திருப்பாய். சரி, விடு.

எதிர்வீட்டுக்காரரோடு எனக்கு மூன்று வருஷமாக வெறும் தலையாட்டல்தான். லிஃப்டில் சேர்ந்து ஏறினால் இருவரும் மாடி எண் மாறுவதைப் பரீட்சை முடிவு மாதிரி அண்ணாந்து பார்ப்போம். உம்மணாமூஞ்சி என்று மனதுக்குள் முத்திரை குத்தியிருந்தேன்.

போன மாதம் அலமாரிக் கதவு கழன்று தொங்கியது. என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. இருந்தும் அவர் கதவைத் தட்டி, "ஸ்க்ரூடிரைவர் கிடைக்குமா?" என்றேன். (பொய்தான். பெரிய பாவமில்லை.) மனுஷர் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே வரிசையாகப் பழைய மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரகத் திருகாணி, மூடியில் பொடி எழுத்தில் அளவு. கதவை மாட்டப் பத்து நிமிஷம், பேச்சு ஒன்றரை மணி நேரம். பெட்டியை மூடிக்கொண்டே, "உங்களுக்கு யாரோடயும் பேசப் பிடிக்காதுன்னு நினைச்சிருந்தேன்" என்றார். நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது, சொல்!

உதவி செய்யட்டுமா என்று போய் நின்றிருந்தால் அவர் கூச்சப்பட்டிருப்பார். உதவி கேட்டதால்தான் கதவு திறந்தது என்று தோன்றுகிறது.

சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரயில் பயணிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். தனியாகப் போவதுதான் சுகம் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்ததாம். 2018இல் இன்னொரு ஆய்வு: புதியவரோடு பேசிவிட்டு வந்தபின், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே எடைபோடுகிறோமாம். எதிர்வீட்டுக்காரரும் நானும் மூன்று வருஷம் இந்தத் தப்புக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லா இடத்திலும் பலிக்காது. காலை நடையில் தினமும் எதிர்ப்படும் ஒருவருக்கு வணக்கம் சொன்னேன். சட்டென்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வெளிச்சம்கூட வரவில்லை அந்தக் கைபேசியில்! அன்று முழுக்க உறுத்தியது. மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் அவரே லேசாகத் தலையசைத்தார். இப்போதைக்கு அவ்வளவுதான், போதும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த ஞாயிறு காலை நானே கூப்பிடுவேன், எடு.

அப்புறம், அந்த ஸ்க்ரூடிரைவர் பொய்யை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என்னுடையதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்