இன்டர்னுக்கு முதல்ல ஒரு நாற்காலி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிஜி படிக்கிற பசங்கள அரசு ஆபீஸ்ல இன்டர்னா சேர்த்துக்கணும்னு இப்ப எல்லாரும் பேசுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா நகராட்சில 28 வருஷம் குப்பை கொட்டினவன்ங்கிற முறையில (ரெண்டு அர்த்தத்துலயும்தான்) ஒண்ணு சொல்லணும். திட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. 2020லயே மத்திய அரசு டியூலிப்னு ஒண்ணு கொண்டு வந்து டிகிரி முடிச்சவங்க நகராட்சி, மாநகராட்சில இன்டர்ன்ஷிப் பண்ணலாம்னாங்க. ஆனா வர்ற புள்ளைய எங்க உட்கார வைக்கிறது, யார் வேலை சொல்றதுன்னு நாம யோசிக்கிறதே இல்ல.

எங்க ஆபீஸுக்கு (ஊர் பேர் வேண்டாம்) ஒரு தடவை ரெண்டு பேர் வந்தாங்க. பொது நிர்வாகம் படிச்ச பையன தபால் செக்‌ஷன்ல விட்டாங்க, ஆறு வாரமும் ஜெராக்ஸ், சீல், டீ சொல்லிட்டு வர்றது, கடைசில ஒரு சர்டிபிகேட். அந்தப் பையன் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, சார் தன்பதிவேடுன்னா என்ன (தனக்கு வர்ற தபால ஒவ்வொரு கிளார்க்கும் பதிஞ்சு வைக்கிற நோட்டு), அதையாச்சும் யாராவது காட்டுங்கன்னு.

இன்னொண்ணு புவியியல் எம்எஸ்சி பொண்ணு. அத குடிதண்ணி பிட்டரோட அனுப்பி விட்டேன். ஊர்ல எந்தத் தெருவுல எந்த வால்வு இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், ரோடு போடுறப்ப பாதி வால்வோட மூடி தாருக்கு அடியில போயிடுச்சு, அவர் குச்சியால தரையத் தட்டிப் பார்த்தே இங்கதான்பார். அவர் மொபெட்டு, அந்தப் பொண்ணு ஸ்கூட்டி, தெருத்தெருவா சுத்தி ஒவ்வொரு வால்வையும் போன்ல லொகேஷன் மார்க் பண்ணி மேப்பே போட்டுருச்சு. எங்க இன்ஜினியரே அசந்துட்டார்.

பெட்ரோல் காசு கூட நாங்க தரல. ரிசர்வ் வங்கில கோடைல வர்ற இன்டர்னுக்கு மாசம் 20,000 குடுத்திருக்காங்க, நிதி ஆயோக்ல ஸ்டைபண்டே கிடையாது, நகராட்சில எதிர்பார்க்க முடியுமான்னு கேப்பீங்க. பஸ் காசாவது குடுங்க, இல்லன்னா வீட்ல வசதி இருக்கிற பசங்க மட்டும்தான் வருவாங்க. இன்டர்ன் வர்றதுக்கு முன்னாடியே வேலை என்னன்னு ஒரு பக்கம் எழுதி வச்சு ஒரு ஆபீசர் பொறுப்பு எடுத்துக்கணும், போறப்ப செஞ்சத வாங்கி வைக்கவும் ஒரு ஆள் வேணும்.

இத ஏன் சொல்றேன்னா அந்த மேப் அந்தப் பொண்ணு லேப்டாப்லயே போயிடுச்சு. ஒரு காப்பி வாங்கணும்னு எனக்கும் தோணல, தப்பு என்மேலயும்தான். அடுத்த வருஷம் மெயின் பைப் உடைஞ்சு பஸ் ஸ்டாண்ட் முன்னாடி தண்ணி ஆறா ஓடுது, வால்வு எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. பிட்டருக்குப் போன் போட்டோம். அவர் ரிட்டயர் ஆகி மூணு மாசம், பேரனுக்குக் காது குத்துன்னு குலதெய்வம் கோயில்ல இருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் ஒருவர்